பழைய நேரம், புதிய நேரம்

ஒரு விண்மீன் தன்னைத்தானே சுற்றும் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடிப்பதற்காக நான் ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தால் கொழும்பில் ஒரு மனிதர் எட்டு மாதம் உள்ளே இருந்தார். இதை நான் எங்கள் ஆட்கள் யாரிடமும் விபரமாகச் சொன்னதில்லை. சொன்னால், "படிச்ச பிள்ளையெல்லே, உமக்கு உது விளங்கேல்லையோ?" என்று கேட்பார்கள். விளங்கவில்லைதான். எனக்கு விளங்கியதெல்லாம் ஆகாயத்தில் நடப்பவை மட்டும்.

1996ஆம் ஆண்டு எனக்கு வயது முப்பத்தொன்று. மனோர் பார்க்கில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, லண்டன் கல்லூரி ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் மூன்று வருட ஆராய்ச்சியும் ஒரே ஒரு சோடி விண்மீனைப் பற்றியது. ஒன்று சாதாரணச் சிவப்பு விண்மீன். மற்றது வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்து பூமியின் அளவுக்குச் சுருங்கிப்போன விண்மீன். சுருங்கினாலும் பாரம் குறையவில்லை, கிட்டத்தட்டச் சூரியனின் பாரம். அதற்குப் பலமான காந்தமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. அதற்குள் வெண்குறுமீன் தன்னைத்தானே கிட்டத்தட்டப் பத்துத் தடவை சுழன்றுவிடும். சிவப்பு விண்மீனிலிருந்து வழிகிற வாயுவைக் காந்தம் இழுத்துத் துருவங்களில் கொட்டும். கொட்டுகிற இடம் ஒளிரும். அந்த ஒளிர்கிற பக்கம் எங்களை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விண்மீன் கொஞ்சம் பிரகாசமாகி மங்கும்.

நான் கேட்ட கேள்வி சின்னது. அந்தச் சுழற்சியின் வேகம் வருடத்துக்கு வருடம் கூடுகிறதா, குறைகிறதா? அதைச் சொல்லப் பழைய அளவீடுகளும் வேண்டும், புதியவையும் வேண்டும். பழையவை வேறு ஆட்கள் 1992 வரை எடுத்து வைத்திருந்தார்கள். புதியவற்றுக்காகத் தென்னாபிரிக்காவில் ஒரு தொலைநோக்கியில் எனக்கு ஐந்து இரவு ஒதுக்கினார்கள். போனேன். ஐந்து இரவும் முகில். ஆறாம் நாள் காலை வெயில் பளபளக்க விமானம் ஏறினேன். என் உதவிப்பணம் செப்டெம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு தொலைநோக்கியாவது மண்ணாங்கட்டியாவது. லண்டனிலிருந்து பார்க்கலாம் என்றால், அது தெற்கு வானத்து விண்மீன், இங்கே ஒழுங்காக உதிப்பதே கிடையாது.

சனி ஞாயிறுகளில் குட்மேய்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துவந்தேன். அங்கே என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவர் மெற்றில்டா அக்கா. மன்னார்ப் பக்கத்து ஆள், கோயிலும் பங்குச் சபையுமாக ஓடித்திரிபவர், வாய் ஓயாது. ஒரு நாள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது என் முகில் கதையைச் சொன்னேன்.

"என்ர தம்பியும் உப்பிடித்தான், மேல பாத்துக்கொண்டு திரியிறவன்," என்றார். "யேசுரட்ணம். பள்ளிக்கூட லாபில வேலை செய்தவன். இப்ப இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையில ஒரு ஹாட்வெயார் கடையில நிக்கிறான். கலியாணம் கட்டடா எண்டால், கண்ணாடி தேய்ச்சுத் தொலைநோக்கி செய்யிறான். எட்டு இஞ்சியாம்."

எட்டு அங்குலக் கண்ணாடி போதும். என் விண்மீன் பிரகாசமாகி மங்குவதைப் பழகிய கண்ணால் பார்த்து நேரம் குறிக்கலாம். ஆனால் கொழும்பின் வெளிச்சத்தில் எப்படி? அதற்கும் வழி பிறந்திருந்தது. அந்த வருடம் அங்கே மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளுக்கு எட்டு மணித்தியாலம்கூட மின்சாரம் வெட்டினார்கள். ஊரே இருட்டு, முகிலும் இல்லை. சனம் மண்ணெண்ணெய் விளக்கோடு சபித்துக்கொண்டிருக்க, யேசுரட்ணம் அண்ணை மொட்டைமாடியில் சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

என் விண்மீனைப் பார்த்து நேரம் குறித்து அனுப்பும்படி அக்கா மூலமாகக் கேட்டேன். ஜூன் மாத நடுவில் அவருடைய முதல் விமானத் தபால் வந்தது. கோடுபோட்ட கொப்பித் தாளில், அச்சடித்ததுபோன்ற எழுத்தில், ஒவ்வொரு இரவும் விண்மீன் உச்சப் பிரகாசம் அடைந்த நேரங்கள். நேரம் உறுதியில்லாத இடத்தில் "இது சந்தேகம்" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அவ்வளவு நேர்மையான பட்டியலை நான் பெரிய பெரிய ஆட்களிடமும் பார்த்ததில்லை. ஜூலையில் இரண்டாவது வந்தது. இரண்டிலும் சேர்த்து இருபத்தாறு இரவுகள். கடைசி வரியில், "என்னுடைய பெயரும் எங்காவது ஒரு மூலையில் வருமோ?" என்று கேட்டிருந்தார். வரும், கட்டாயம் வரும் என்று நான் பதில் போட்டேன்.

இனித்தான் என் பிழை.

இலங்கையில் மே மாதக் கடைசியில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியிருந்தது. வன்னியைத் தன் கையில் வைத்திருந்த, அரசோடு போரிட்ட இயக்கம் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். எங்கள் வீடுகளில் அது பெரிய கதை. "வன்னியில இருந்து வவுனியாவுக்கு வந்து பத்து மணிக்குக் கோல் எடுப்பினம்" என்று யாராவது சொன்னால், "பழைய பத்தோ, புதுப் பத்தோ?" என்று கேட்காத ஆள் லண்டனில் இல்லை. பழைய நேரத்தை எல்லோரும் "எங்கட நேரம்" என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். யேசுரட்ணம் அண்ணையின் பட்டியலைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றும்போது, கொஞ்சம்கூட யோசிக்காமல் ஐந்தரை மணித்தியாலம் கழித்தேன். எங்கட ஆள், எங்கட நேரம். புதிய நேரமாக இருந்தால் ஆறரை கழிக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேறு எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

என் மேற்பார்வையாளர் டாக்டர் ஹாலம்தான் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு, "இவர் எந்த நேரத்தில் எழுதுகிறார்?" என்று கேட்டார். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வெண்குறுமீன் இருபது நிமிடம் நாற்பது விநாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. மூன்று சுழற்சி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதனால் ஒரு மணித்தியாலம் தள்ளினாலும் இழுத்தாலும் உச்சங்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. இரண்டு கணக்கும் பொருந்தின. ஆனால் விடை நேர்மாறு. பழைய நேரம் என்றால் சுழற்சி மெதுவாகிறது. புதிய நேரம் என்றால் வேகமாகிறது. நாலு வருடத்தில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழன்ற ஒன்றின் தலைவிதி, கொழும்பில் ஒருவர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டில் இருந்தது.

ஜூலை இருபதாம் தேதி அவருக்கு எழுதினேன். எழுதிய வரிகள் இன்றும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கின்றன. "அண்ணை, ஒரேயொரு சந்தேகம். நீங்கள் எழுதுவது அவங்கட நேரமோ, எங்கட நேரமோ? எங்கட நேரமாய்த்தான் இருக்கும். எங்கட ஆக்கள் அவங்கட மணிக்கூட்டுக்குப் பின்னால ஓடமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்."

மனோர் பார்க்கில், பூட்டிய கதவுக்குள், சூடான தேத்தண்ணியோடு இருந்து வீரம் பேசினேன். தபாலில் போட்ட நாலாம் நாள் கொழும்புக்குப் பக்கத்தில் ரயிலில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தையில் தமிழர் இருந்த வீடு வீடாகச் சோதனை தொடங்கியது.

ஓகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை மெற்றில்டா அக்கா வேலைக்கு வரவில்லை. ஷிப்ட் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. அவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பியைப் பிடிச்சிட்டாங்கள்," என்றார். "மாடியில குழாய் நிக்குது, என்னத்துக்கெண்டு கேட்டவங்களாம். கொப்பி முழுக்க நேரமும் நம்பரும். அதை ரகசியக் குறிப்பு எண்டுறாங்கள்."

"அது என்ர விண்மீனெல்லே அக்கா. விளங்கப்படுத்தலாம்."

"விளங்கப்படுத்தலாமாம். தம்பிக்காக நாங்கள் பிடிச்ச லோயர் சுந்தரராஜனும் அதைத்தான் சொன்னவர். ஆனா லண்டனில இருந்து வந்த கடிதம் ஒண்டும் ஆப்பிட்டதாம். எங்கட நேரம், அவங்கட நேரம் எண்டு." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீ என்ன எழுதினனி, பிள்ளை?"

ஒளிக்க என்ன இருக்கிறது? வரிக்கு வரி சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உனக்கு இஞ்ச இருந்து எழுத ஏலும்," என்றார். "அவன் அங்க இருந்தெல்லே வாசிக்கவேணும்."

அடுத்த புதன்கிழமை யேசுரட்ணம் அண்ணையின் விமானத் தபால் ஒன்று வந்தது. அதே அச்சு எழுத்து. பிடிபடுவதற்கு முன்பு போட்டிருக்கிறார். என் கடிதம் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை, ஆகவே கேள்விக்குப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. சில இரவுகளில் விண்மீன் சில நிமிடங்களுக்குக் காணாமலே போகிறது, முதலில் தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்ததாகவும், அதனால் எழுதவில்லை என்றும், எதற்கும் அந்த நேரங்களையும் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்.

அவர் கண்ணில் பிழையில்லை. அது கிரகணம். சுற்றுப்பாதையில் சிவப்பு விண்மீன் குறுக்கே வந்து வெண்குறுமீனை மறைக்கிற நேரம். மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும், எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே நிமிடக் கணக்கில் சொல்லலாம். கல்லூரிக்கு ஓடிப்போய்க் கணினியில் போட்டேன். ஒரு மணித்தியாலப் பிழையை அங்கே மறைக்க முடியாது. ஐந்தரையைக் கழித்தேன். ஏழு கிரகணமும் ஒரு நிமிடம் பிசகாமல் வந்து விழுந்தன. ஆறரையைக் கழித்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

பழைய நேரம். சுழற்சி மெதுவாகிறது. இந்த வகை விண்மீன்களில் அது ஒரு முக்கியமான முடிவு, என் பட்டம் கையில் கிடைத்ததுபோல. ஒரு பத்து நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன். வெட்கம் கெட்ட சந்தோஷம், ஆனாலும் பட்டேன். பிறகுதான் அந்த விடைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது உறைத்தது. பொலிஸ் எதைச் சந்தேகப்படுகிறதோ, அதையே விண்மீனும் சொல்கிறது. யேசுரட்ணம் அண்ணை பழைய நேரத்தில்தான் மணிக்கூடு வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, லோயர் சுந்தரராஜனின் தொலைநகல் கல்லூரிக்கு வந்தது. கல்லூரியின் கடிதத்தாளில் ஒரு சான்று வேண்டும். கொப்பியில் உள்ளவை விண்மீன் அளவீடுகள் என்று எழுதவேண்டும். அதோடு, அவை இலங்கையின் புதிய அரச நேரத்தில் எழுதப்பட்டவை, என் கடிதத்தில் இருந்த நேரக் கேள்வி நானாகக் கற்பனை செய்து கேட்டது என்றும் எழுதினால், மூன்று மாதத்துக்குள் வெளியே எடுத்துவிடலாம். பழைய நேரம் வைத்திருப்பவன் இயக்கத்து ஆள் என்பதுதான் அங்கே பேச்சு.

டாக்டர் ஹாலத்திடம் போனேன். அவர் முதல் பகுதியை வாசித்து மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பகுதியில் பேனா நின்றது.

"இது உண்மையா?"

"இல்லை."

"அப்படியானால் இதில் நான் கையெழுத்துப் போடமுடியாது."

"நீங்கள் போடவேண்டாம். நான் தனியாக எழுதி என் பெயரில் போடுகிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் நேர்கோட்டு மனிதர். "எழுதுவது உன் விருப்பம். ஆனால் ஒரே நேரத்தைப் பொலிசுக்கு ஒன்றாகவும் ஆய்வேட்டில் வேறொன்றாகவும் சொல்லமுடியாது. ஆய்வேடு நூலகத்தில் எவரும் எடுத்து வாசிக்கிற புத்தகம்."

"தெரியும். அவருடைய இரவுகளை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன்."

"எடுத்தால் உன்னிடம் முடிவே இல்லை. அது தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அன்று பின்னேரமே பொய்யை எழுதினேன். "இந்த அளவீடுகள் அனைத்தும் இலங்கையின் தற்போதைய அரச நேரத்தில் பதியப்பட்டவை என நான் உறுதிப்படுத்துகிறேன். இப்படிக்கு, அம்பலவாணன் தவநாயகி." என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. பிறகு கணினியைத் திறந்து, இருபத்தாறு இரவுகளையும், ஏழு கிரகணங்களையும், நன்றியுரையில் இருந்த அவர் பெயரையும் அழித்தேன். பெயர் இருந்தால் யாராவது தோண்டுவார்கள் என்று பயம். அழுதேன். ஆனால் அந்த அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு மனிதருக்காக என் மூன்று வருடத்தைக் கொடுத்துவிட்டேன் என்ற பெருமை. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மூன்று மாதம் போனது. அவர் வெளியே வரவில்லை. "ஏதோ புதுச் சந்தேகமாம், லோயருக்கும் சொல்லுறாங்கள் இல்லை," என்றார் மெற்றில்டா அக்கா. நத்தார்ப் பண்டிகையும் போனது. ஜனவரியில் பரீட்சகர்கள் என் ஆய்வேட்டைப் பார்த்தார்கள். "சுழற்சி மாறுகிறதா என்று சொல்லப் போதிய தரவு இல்லை" என்று முடியும் ஆய்வேட்டுக்கு யார் கலாநிதிப் பட்டம் கொடுப்பார்கள்? ஒரு படி குறைந்த பட்டத்தோடு கைகுலுக்கி அனுப்பினார்கள். நான் கவுன்சில் அலுவலகம் ஒன்றில் கணினி வேலைக்குப் போனேன். அவர் வந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் விட்டார்கள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, மெற்றில்டா அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் முதலில் தம்பியோடு பேசி, அழுது, சிரித்து, பிறகு றிசீவரை என்னிடம் நீட்டினார். நான் அதுவரை யேசுரட்ணம் அண்ணையின் குரலைக் கேட்டதில்லை. மெல்லிய குரல். இடைக்கிடை இருமினார்.

"தங்கச்சி, சுகமோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் எப்பிடி?"

"இருக்கிறன். அதை விடுங்கோ. என்ன மாதிரி, சுழற்சி கூடுதோ குறையுதோ?"

எட்டு மாதம் உள்ளே இருந்து வந்த மனிதரின் இரண்டாவது கேள்வி அது.

"குறையுது அண்ணை."

"நான் நினைச்சனான்!" என்றார். ஒரு பிள்ளையின் சந்தோஷம் அந்தக் குரலில். "உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அவங்கள் முதல் கிழமையே கேட்டவங்கள், எந்த நேரத்தில எழுதினனீ எண்டு. புது நேரமெண்டு சொல்லியிருந்தா அடியும் இல்லை, ஒண்டுமில்லை. ஆனா வாக்குமூலத்தில எழுதினா அது ரெக்கோட் எல்லே. பிறகு உங்கட கணக்கை ஆரும் சரிபார்க்க வந்தா, இந்த ஆளின்ர நேரத்தை நம்பேலாது எண்டு முழுக்கத் தள்ளிப்போடுவாங்கள். அதால உள்ளதைச் சொன்னனான். பழைய நேரம் எண்டு. ஏன் எண்டு கேட்டாங்கள். அரசாங்கம் சொல்லி நட்சத்திரம் ஒரு மணித்தியாலம் பிந்தி உதிக்குமோ எண்டு கேட்டன். அதுக்கும் அடி விழுந்தது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இயக்கமும் இல்லை, எங்கட நேரமும் இல்லை. விண்மீன் பார்க்கிறவன் நடுவில் மணிக்கூட்டை மாற்றமாட்டான், அவ்வளவுதான். அந்தப் புத்தி எனக்கு இருக்கவில்லை.

"அந்த அளவில விட்டிருப்பாங்கள்," என்றார். "இது விசர் கேஸ், பைத்தியம் எண்டு பெரிய பொலிஸ் ஐயாவே சொன்னவர். பிறகு பாத்தா, வெளியில இருந்து ஆரோ புது நேரமெண்டு எழுதிக் குடுத்திருக்கினம். நீ பழசு எண்டுறாய், இவை புதுசு எண்டுகினம், ரெண்டு பேரும் சேர்ந்து எதை மறைக்கிறியள் எண்டு தொடங்கினாங்கள். அதோட ஏழு மாதம். ஆர் எழுதினதெண்டு லோயரும் சொல்லேல்லை, எனக்கு இப்பவும் தெரியாது."

மெற்றில்டா அக்கா குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான் அண்ணை எழுதினனான்."

மறுமுனையில் அவர் இருமினார்.

"அப்ப புத்தகத்தில என்ன நேரம் போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. உங்கட இரவுகளை எடுத்திட்டன்."

"எத்தினை இரவை?"

"எல்லாத்தையும்."

"இருபத்தாறையுமோ?"

"ஓம் அண்ணை. உங்களை வெளியில எடுக்கத்தான்..."

"ஏழு மாதத்துக்கு நான் கோவிக்கேல்லை, தங்கச்சி," என்றார். குரல் இப்போது கிட்ட வந்ததுபோல இருந்தது. "நல்லதுக்கெண்டுதான் செய்திருப்பியள். ஆனா அவங்கள் அடிக்கேக்கையும் நான் அந்த இருபத்தாறையும் விட்டுக் குடுக்கேல்லையே. நீங்கள் ஏன் விட்டுக் குடுத்தனீங்கள்?"

அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.